வீட்டுக்குக் கஞ்சி போட்ட கதை: காஞ்சிபுரத்தில் நான்கு நாள்

காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கல்யாணப் புடவைக்குப் போவார்கள். நான் இந்த முறை போனது ஒரு வீட்டை இடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல. மாசி மாதக் கடைசி, திங்கள் காலை கிளம்பி வியாழன் சாயங்காலம் திரும்பினேன். வெயிலுக்கு முன்னால் வீட்டைக் குளிர்ச்சியாக மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள், செலவைப் பார்ப்பதா புகையைப் பார்ப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள், இதைக் கடைசிவரை படியுங்கள். சும்மா ஊர் சுற்றப் போகிறவர்களுக்கும் நடுநடுவே விஷயம் இருக்கிறது.

என் மனைவி சரோஜாவின் தம்பி ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறான். அவனும் அவன் மனைவி காமாட்சியும் ஒரே தறி. புடவையின் உடலை அவன் நெய்ய, கரைப் பக்கம் உட்கார்ந்து அந்தம்மா குறுக்கிழையைக் கொண்டு ஓடுகிற இன்னொரு நாடாவைத் தள்ள, இரண்டும் கோர்த்துக்கொண்டு வருவதுதான் கோர்வைப் புடவை. ஒருவர் எழுந்தால் மற்றவருக்கும் வேலை இல்லை. ஒரே மகள் நித்யா, கட்டடப் படிப்பு முடித்துவிட்டு ஏனாத்தூர் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் போன் செய்து, மகள் பத்து நாளாகத் தன்னோடு பேசுவதில்லை, நீ வந்து புத்தி சொல்லு மாமா என்றான். அவன் வைத்த கையோடு நித்யா போன் செய்து, அப்பா வீட்டை இடிக்கப் போகிறார், நீங்கள் வந்து புத்தி சொல்லுங்கள் மாமா என்றாள். இரண்டு கட்சியும் ஒரே நீதிபதியைத் தேடி வந்தால், அந்த நீதிபதியின் தகுதி என்னவென்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான் என்னைத் தாங்கியது. அதற்கப்புறம் சிங்கப்பூரில் இரண்டு வருஷம் கட்டட வேலை. அங்கே இன்றைக்கு நீங்கள் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் பாதி என் கைபட்டது. கான்கிரீட் ஊற்றும் முன்னால் பெரிய இன்ஜினியரே என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், நான் தலையாட்டினால்தான் ஊற்றுவார்கள். சரோஜா மட்டும் இதை நம்புவதில்லை. கிளம்பும்போதுகூட, போன இடத்தில் சண்டையைப் பெரிதாக்கிவிட்டு வராதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

தாம்பரத்தில் காலை 6.50-க்கு ரயில் ஏறினேன். செங்கல்பட்டு வழியாகப் போகிற வண்டி, டிக்கெட் இருபது ரூபாய். இருபது ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு நல்ல டீயும் வடையும் கிடைக்காது, இங்கே ஒரு ஊரே கிடைக்கிறது. வாலாஜாபாத் வரும்போது அரிசி ஆலைகளிலிருந்து நெல் வேகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதுதான் அலாரம், அந்த வாசனை வந்தால் பையை எடுத்துக்கொள்ளுங்கள். 8.30 வாக்கில் இறங்கினேன். நேரம் அடிக்கடி மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். நான் நூறு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த உடனேயே ஒத்துக்கொண்டார். ஆனால் பிள்ளையார்பாளையம் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டார். ஏனென்றால், உள்ளே பாவு கட்டியிருந்தது.

பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். மூன்று புடவைக்கு ஆகிற பட்டிழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, நீவி, இளவெயிலில் காயவைத்து எடுத்தால்தான் தறியில் ஏறும். ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்று செய்வார்கள், இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று கூலி இல்லாத வேலை. தெருவில் பாவு நின்றால் எந்த வண்டியும் போகக்கூடாது. கலெக்டர் கார் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். நான் ஆட்டோக்காரரிடம், ஓரமாகப் போனால் பாவுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டேன்.

"பாவுக்கு ஒண்ணும் ஆவாது சார். என் ஆட்டோவுக்குத்தான் ஆவும்" என்றார்.

இறங்கி நடந்தேன். நீல நிறப் பாவு, மார்பளவு உயரத்தில், தெரு முழுக்க ஒரு ஆறு மாதிரி நின்றது. பாலாற்றில் தண்ணீர் பார்க்காதவர்கள் இங்கே வந்து இதைப் பார்க்கலாம்.

வீட்டுக்குப் போன பத்தாவது நிமிஷத்தில் வழக்கு என் முன்னால் வந்தது. வீடு முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்ட வீடு. தாழ்ந்த கூரை. தெருவுக்கு முதுகைக் காட்டாமல் நீளமாக உள்ளே போகும். கூடத்தில் குழித்தறி, அதாவது தரையில் குழி வெட்டி, காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. தறிக்கு நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடிச் சட்டம், நிறம் பார்க்க வெளிச்சம் அதன் வழியாகத்தான். மேற்குச் சுவர் முழுக்க வெயில். சாயங்காலம் அந்தச் சுவரில் தோசை வார்க்கலாம். நான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மதியம், காமாட்சி கையில் நாடாவோடு தறிமேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர், இனிமேல் மதிய வெக்கையில் அந்தக் கூடத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்குத் தறி நிற்கிறது. இந்த வெயிலுக்குள் கூடம் குளிரவில்லையென்றால் காமாட்சி தறியை விட்டு இறங்க வேண்டியதுதான். அவர் இறங்கினால் கோர்வை இல்லை, கோர்வை இல்லையென்றால் அந்த வீட்டில் புடவை இல்லை.

ஏகாம்பரத்தின் திட்டம் பெரிய திட்டம். வீட்டை இடித்து, இரண்டு மாடி கட்டி, கூடத்துக்கு ஏசி. பதினான்கு லட்சம், ஆறு மாதம். மேஸ்திரிக்குப் பத்தாயிரம் முன்பணம் கொடுத்து, வியாழக்கிழமை காலை பொக்லைன் வரச் சொல்லியாகிவிட்டது. தறியில் பழைய பாவு ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்திருந்தது. புதுப் பாவு ஏற்றும் முன்னால்தான் தறியைக் கழற்ற முடியும், ஆகவே இந்த வாரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை என்றான். அவன் கண்ணில் பேராசை ஒன்றும் இல்லை. பெண்டாட்டி சாய்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

நித்யா வேறு மாதிரி. முதலில் அவள் போட்ட திட்டத்தில் சோலார் பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவருக்கு உள்ளே வைக்கிற தக்கை மாதிரிப் பலகை எல்லாம் இருந்ததாம். பச்சை வீடு என்று பெயர். விலையைக் கேட்ட ஏகாம்பரம், உன் பச்சை வீட்டுக்கு என் தறியை விற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அதில்தான் பேச்சு நின்றது.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டில், லீவு போட்டிருந்த அந்தப் பெண் எனக்கு விளக்கிய விதம் இருக்கிறதே, சிங்கப்பூர் இன்ஜினியர்கள் வந்து குறிப்பெடுக்க வேண்டும். ஒரு வீடு இரண்டு விதமாகப் புகை விடுகிறதாம். ஒன்று, கட்டும்போது: சிமெண்டு சூளை, செங்கல் சூளை, கம்பி உருக்குகிற உலை, லாரி. இன்னொன்று, வாழும்போது: கரண்ட். இருக்கிற வீட்டை இடித்துவிட்டுக் கட்டினால், விசிறி ஒரு சுற்று சுற்றுவதற்கு முன்னாலேயே பல வருஷத்துப் புகையை ஒரே மூச்சில் விட்டாகிவிடும். அதன்மேல் ஏசி போட்டால் தினமும் விட வேண்டும்.

"அப்போ உன்னோட சோலாரு?" என்றேன்.

"அதுவும் தப்புதான் மாமா. புகை குறையும், ஆனா கடன் ஏறும். முதல்ல எதுல ஒரு ரூபா போட்டா அதிகமா புகை குறையுதோ, அதுல போடணும். அப்புறம் அடுத்தது. நான் கடைசில இருக்கறத முதல்ல வெச்சுட்டேன்" என்றாள்.

தகப்பன் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மகள் தப்பு என்று சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு இருமல் கேட்டது.

அவளுடைய இரண்டாவது திட்டம் எளிது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மேற்குச் சுவருக்கு மூங்கில் தட்டி நிழல். கூடத்தில் உச்சியில் சூடு வெளியேற இரண்டு காற்றுவழி. குறைந்த கரண்ட் இழுக்கிற இரண்டு விசிறி. மொத்தம் முப்பதாயிரத்துக்குள். ஏகாம்பரம் அறையிலிருந்தே, "சுண்ணாம்பு அடிச்சா குளிரும்னா, வெத்தல போடறவன் வாயெல்லாம் ஊட்டியா இருக்கணும்" என்றான். மகளிடம் இல்லை, சுவரிடம் சொன்னான்.

ஏசி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணத்தை அந்தத் தெருவே சொன்னது. நாலு வீடு தள்ளி ஒருவர் தறிக் கூடத்துக்கு ஏசி போட்டார். காற்றில் ஈரம் போய், பட்டிழை சேமியா மாதிரி ஒடிய ஆரம்பித்ததாம். இப்போது அந்த ஏசிக்கு அடியில் சட்டை காய்கிறது. நான் போய்ப் பார்த்தேன், ஏழு சட்டை, ஒரு லுங்கி. தறிக்காரர்களுக்கு அரசு தரும் இலவச கரண்ட் யூனிட்டும் ஏசி போட்டால் பத்தாது. இவ்வளவும் தெரிந்தும் ஏகாம்பரம் அசையவில்லை. மேஸ்திரிக்குச் சொன்ன சொல் என்றான், மூச்சு விட முடியாமல் இவள் இன்னொரு தரம் விழுந்தால் என்றான்.

இந்த இடத்தில் நான் தீர்ப்பு வழங்கினேன். வியாழனுக்குள் இரண்டு நாள் இருக்கிறது. தறிக்கு மேலே இருக்கிற பாதி மாடிக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்போம். குளிர்ந்தால் நித்யா கட்சி, குளிராவிட்டால் பொக்லைன் கட்சி. இப்படி ஒரு தீர்ப்பை உயர் நீதிமன்றத்தில்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். காமாட்சி எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

செவ்வாய் விடியும்போது மாடியில் தகப்பனும் நானும். நித்யா இரண்டு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பும், அதில் கலக்க ஒரு டப்பா பசையும் வாங்கி வைத்திருந்தாள், எழுநூறு ரூபாய். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஏகாம்பரம் ஒரு காரியம் செய்தான். ஒரு அண்டா அரிசிக் கஞ்சி கொண்டுவந்து அந்தப் பாதி மாடி முழுக்கத் தடவ ஆரம்பித்தான். பாவு நீவுகிற தூரிகை, பாவுக்கு நீவுகிற அதே கை. ஏன் மச்சான் என்றால், "கஞ்சி போடாம எது மாமா நிக்கும்?" என்றான். நெசவாளி வீட்டில் எது புதிதாக வந்தாலும் கஞ்சி போட்டால்தான் பலம். சட்டைக்குக் கஞ்சி, பாவுக்குக் கஞ்சி, அப்புறம் மாடிக்கு ஏன் கூடாது? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானும் ஒரு தூரிகையை வாங்கிக்கொண்டேன். கஞ்சி காய்ந்ததும் அதன்மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தோம். நித்யா மேலே வந்து பார்த்தபோது, மாடி பால் மாதிரி இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை.

அது காய்கிற நேரத்தில் நான் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்து போய்வந்தேன். போகிறவர்கள் பகல் நடை சாத்துவதற்கு முன்னால் போங்கள், பன்னிரண்டரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வழியில் ஒரு கடையில் காஞ்சிபுரம் இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தார இலையில் வைத்து ஆவியில் வேகவைத்தது, இரண்டு துண்டு அறுபது ரூபாய். நான் ஒன்பது சாப்பிட்டேன் என்று கடைக்காரர் சொன்னார், எனக்கு ஆறுதான் ஞாபகம். கோயில் கோபுரத்தின் உயரத்தைப் புத்தகங்கள் குறைத்துச் சொல்கின்றன. என் கண் கணக்குக்கு முந்நூறு அடிக்குக் குறையாது. ஆனால் இந்த முறை நான் பார்த்தது கோபுரத்தை அல்ல. வெளியே தரை கொதிக்கிறது, பிராகாரத்து மண்டபத்துக்குள் கால் வைத்தால் கல் ஜில்லென்று இருக்கிறது. தடித்த கல், உயரமான கூரை, சூடு மேலே ஏறிப் போக இடம். கரண்ட் பில் பூஜ்யம். சுவாமிக்கு யார் ஏசி போட்டுக் கொடுத்தார்கள்? அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து அரை மணி தூங்கினேன். ஆராய்ச்சிக்காக.

திரும்பி வந்தால், மாடியில் நித்யா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். உச்சி வெயிலில் அடியில் இருந்த கஞ்சி காய்ந்து சுருட்டிக்கொண்டு, சுண்ணாம்பு முழுவதும் அப்பளம் அப்பளமாக எழும்பி நின்றது. காற்று அடிக்கும்போது சலசலவென்று சத்தம். ஒரு அப்பளம் பறந்து பக்கத்து வீட்டு வற்றலோடு சேர்ந்துவிட்டது. ஏகாம்பரம் ஒன்றை எடுத்துக் கையில் ஒடித்துப் பார்த்தான்.

நித்யா குனிந்து முகர்ந்து பார்த்தாள். பத்து நாளைக்கப்புறம் தகப்பனிடம் நேராகப் பேசினாள்: "அப்பா, வீட்டுக்குக் கஞ்சி போட்டியா?"

"ஆமா. இன்னா இப்போ?"

"அடுத்து தறியில ஏத்துவியா?"

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டான். நானும் அவனும் சேர்ந்து செய்த தப்பு என்பதால், பாதிச் சிரிப்பு எனக்கும் சொந்தம். அன்று சாயங்காலம் மூன்று பேரும் மாடியைத் தேய்த்துக் கழுவினோம். கஞ்சி இல்லாமல், நித்யா சொன்னபடி தண்ணீராகக் கரைத்து, பசை கலந்து, மெல்லிசாக ஒரு பூச்சு. புதன் விடியலில் இன்னொரு பூச்சு. அது நின்றது.

புதன் மதியம் சோதனை. நித்யா அலுவலகத்திலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி வாங்கி வந்திருந்தாள். கூரையைப் பார்த்துச் சுட்டால் எண் காட்டும். ஏகாம்பரம், உன் துப்பாக்கி உன் கட்சி என்றான். சரி, யார் கட்சியும் இல்லாத சாட்சி வேண்டும். காமாட்சி உள்ளே போய் இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்து சரிபாதியாக அறுத்தார். ஒன்றைச் சுண்ணாம்பு அடித்த பாதிக்குக் கீழே, தறிக்கு மேலே கட்டினார். இன்னொன்றை அடிக்காத பாதிக்குக் கீழே கட்டினார். அப்புறம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, புதுப் புடவைக்கு ஊடை, அதாவது குறுக்கு இழை சுற்ற ஆரம்பித்தார். மணி இரண்டு. பத்து மாதமாக அந்த நேரத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை.

நாங்கள் மூன்று பேரும் பூவைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தோம். மூன்றரைக்குச் சுண்ணாம்பு அடிக்காத பக்கத்து மல்லிகை பழுத்துத் தலை தொங்கிவிட்டது. தறிக்கு மேலே இருந்தது அரைப்பூவாக விரிந்து அப்படியே நின்றது. வெப்பமானியும் அதையே சொன்னது, நான்கு டிகிரி வித்தியாசம். காமாட்சி நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து, எல்லோருக்கும் காபி போட்டார்.

ஏகாம்பரம் காபியைக் குடித்தான். தட்டியும் விசிறியும் வந்தால் இன்னும் குறையும் என்று நித்யா சொன்னதற்குத் தலையாட்டினான். ஆனால், இது மாசி, சித்திரையில் என்ன ஆகும், மேஸ்திரி சொல்லுக்கு என்ன பதில், தெருவில் எல்லோரிடமும் வீடு கட்டப் போகிறேன் என்று சொல்லியாகிவிட்டதே என்று பழையபடி ஆரம்பித்தான். நான் அவனிடம் சுமார் இரண்டு மணி நேரம் பேசினேன். கேட்கிற எவனும் மனம் மாறியிருப்பான். அவன் குறட்டை விட்டான். காமாட்சி, யாருக்கோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வெளியே போய்க் கொஞ்சம் தாமதமாக வந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை, பேச்சில் இருந்தேன்.

வியாழன் விடிந்தது. தெருமுனையில் உறுமல் சத்தம் கேட்டு நான் வெளியே ஓடினேன். பொக்லைன், மஞ்சள் நிறம், யானை மாதிரி. ஆனால் அது முனையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஏனென்றால், தெருவில் பாவு.

அரக்கு நிறம். முனையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் தாண்டி நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் தூரிகையோடு நீவிக்கொண்டிருந்தார்கள். பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த ஏகாம்பரம், பாவைப் பார்த்ததும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். அந்த அரக்கை அவனே சாயக்காரரிடம் சொல்லிப் போட வைத்திருந்தான். வீடு கட்டி முடித்தபின் தறியேற்றலாம் என்று உள்ளே சுருட்டி வைத்திருந்த அவனுடைய பாவு.

பாவின் நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கஞ்சிச் சட்டியோடு காமாட்சி நின்றார். முந்தின நாள் ராத்திரி பாத்திரம் கொடுக்கப் போனது இதற்குத்தான். வீடு வீடாகப் போய் நாளைக் காலை எங்கள் பாவு என்று ஆள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பொக்லைன் டிரைவர் முனையிலிருந்து கையை ஆட்டி, என்னங்க, வண்டி உள்ள வரணுமா வேணாமா என்று கேட்டார். தெரு மொத்தமும் ஏகாம்பரத்தைப் பார்த்தது.

"இன்னா இது காமாட்சி" என்றான்.

"நீங்க ஒரு பக்கம் சொன்னீங்க, அது ஒரு பக்கம் சொல்லுச்சு. ரெண்டு பேரும் எனக்காகத்தான் சொன்னீங்க. என்னை யாரும் கேக்கலை." அவர் குரலை உயர்த்தவே இல்லை, கை நீவிக்கொண்டுதான் இருந்தது. "ஆறு மாசம் தறியில்லாம நான் இன்னா பண்ணுவேன்? நேத்து உக்காந்து பாத்துட்டேன். என்னால முடியும். கஞ்சி போட்டாச்சு, இனிமே தறியேத்தித்தான் ஆவணும்."

கஞ்சி போட்ட பாவைச் சுருட்டி மாதக்கணக்கில் வைக்க முடியாது, இழை கெட்டுவிடும். தறி இருந்தாக வேண்டும். தறி இருந்தால் கூடம் இருந்தாக வேண்டும். கூடம் இருந்தால் வீட்டை எப்படி இடிப்பது? சட்டம் படித்த வக்கீல்கூட இப்படி ஒரு தடை உத்தரவு வாங்கியிருக்க மாட்டான்.

ஏகாம்பரம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். அப்புறம் பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த தூரிகையை வாங்கிக்கொண்டு, காமாட்சிக்கு எதிர்ப் பக்கம் போய் நீவ ஆரம்பித்தான். "கஞ்சி கெட்டியா இருக்குது" என்றான். "மாடிக்குப் போட்டது மாதிரியா?" என்று அந்தம்மா கேட்டார். அவ்வளவுதான். வழக்கு முடிந்தது.

பொக்லைன் டிரைவரை நான் பார்த்துக்கொண்டேன். இட்லி வாங்கிக் கொடுத்து, வந்துபோன செலவுக்கு ஆயிரம் ரூபாய் என்று பேசி அனுப்பினேன். மேஸ்திரி கோபமாகத்தான் வந்தார். நான் சிங்கப்பூரைப் பற்றி நாலு வார்த்தை சொன்னதும் தணிந்தார். நித்யா அவரை உட்காரவைத்து, இடிக்கிற வேலை இல்லை, ஆனால் காற்றுவழி திறக்கிற வேலையும் மேற்குச் சுவரில் தட்டி நிறுத்துகிற வேலையும் உங்களுக்குத்தான், முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவரும் சரி என்றார். யாருடைய பேச்சில் மசிந்தார் என்பதை நான் விவாதிக்க விரும்பவில்லை.

அன்று மதியம் புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாக முறுக்கிப் பிணைத்தார்கள். ஆயிரக்கணக்கான இழை. நான் ஒரு இழை முறுக்கினேன். அந்தப் புடவையைக் கட்டப்போகிற பெண் அதிர்ஷ்டசாலி. சாயங்கால ரயிலில் திரும்பினேன்.

இனி, போகிறவர்களுக்கும் வீட்டைத் திருத்தப் போகிறவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. நெசவுத் தெருக்களைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள், ஒன்பதரைக்குள் பாவைச் சுருட்டிவிடுவார்கள். வண்டியை முனையில் விட்டுவிடுங்கள். பாவைத் தொடாதீர்கள், கேட்டால் அவர்களே தொடச் சொல்வார்கள். தங்க நடுத்தர விடுதி ஒருநாள் ஆயிரத்து இருநூறிலிருந்து கிடைக்கிறது, முகூர்த்த நாளில் கிடைக்காது.

வீட்டு விஷயத்தில், இருக்கிற சுவரை இடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் யோசியுங்கள். அது விடவேண்டிய புகையை எப்போதோ விட்டுவிட்டது, இன்னொரு தரம் விட வைக்காதீர்கள். முதலில் கூரை, அப்புறம் மேற்கு, அப்புறம் காற்று, கடைசியில் மெஷின். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏகாம்பரம் வீட்டில்கூட அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று பேச்சு இருக்கிறது, இந்தத் தடவை தகப்பனும் மகளும் ஒரே கட்சி. சுண்ணாம்பு வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். மழைக்குப் போய்விடும், பரவாயில்லை, மறுபடி அடிக்க எழுநூறு ரூபாய்தான். எக்காரணம் கொண்டும் அடியில் கஞ்சி போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டில் மதியம் உட்காரப் போகிறவர் யாரோ அவரைக் கேளுங்கள்.

இதை எழுதும்போது அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கிறது. வெயில் எப்படி, என் தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்க, நேற்று மதியம் மூன்று மணிக்கு ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. காமாட்சிக்குச் செய்தேன், அவரும் எடுக்கவில்லை. சரோஜாவுக்குக்கூட முகம் மாறிவிட்டது. மூன்றாவது தடவை நித்யா எடுத்தாள். விடுமுறையாம், வீட்டில் இருந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவள் போனைத் தூரமாகப் பிடித்தாள். டக், டக் என்று தறிச் சத்தம். பலகை அடிக்கிறது, நாடா ஓடுகிறது, மறுபடி டக்.

"மாமா, அம்மா சொல்றாங்க, முந்தி வேலை நடக்குது, கைய எடுக்க முடியாதாம். நீங்க ஆறு மணிக்கு மேல பேசுவீங்களாம்."

என் பேச்சை ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை. நான் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரோஜாவும் காதைக் கொடுத்தாள்.

ஆகவே கடைசி ஆலோசனை. பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் போகாதீர்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது.